மேடை போடும் முன் பெட்டியைத் திறங்கள்: ஃபெஸ்டாக் ஆவணங்களைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லாகோஸில் ஃபெஸ்டாக் ஆவணங்களைக் காத்துவரும் கறுப்பின, ஆப்பிரிக்கக் கலை நாகரிக மையத்தாருக்கும், நைஜீரியப் பண்பாட்டு அமைச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆங்கிலப் படி ஒன்று உங்களுக்குத் தனியாக வரும்.

கேட்க வந்தது சின்ன விஷயம்தான். 2027 ஜனவரி 15 வந்தால், உலகக் கறுப்பின, ஆப்பிரிக்கக் கலைகளின் இரண்டாம் விழாவான ஃபெஸ்டாக் தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைகிறது. நீங்கள் அதைச் சும்மா விடமாட்டீர்கள், விடவும் கூடாது. மேடை, விளக்கு, விருந்தினர், நினைவு மலர் எல்லாம் வரும். அதற்கெல்லாம் செலவு செய்வதற்கு முன்னால், அந்த விழாவில் பதிவான ஒலிநாடாக்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வெளியே வையுங்கள். மீதி மடல் முழுக்க, இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்பதற்கான விளக்கம்.

என் அப்பா கணக்கு வாத்தியார். 1976இல் உங்கள் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்று அறிவித்தார்கள். எண்ணெய்ப் பணம் இருந்தது, பள்ளிக்கூடங்கள் பெருகின, பாடம் நடத்த ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்து வண்டி வண்டியாக ஆசிரியர்களை அழைத்துக்கொண்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அப்பா போய்ச் சேர்ந்தது இலோரினுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அந்த வருஷக் கடைசியில் முதல் சம்பளம் வந்ததும் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு டூ-இன்-ஒன். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வேதியியல் சார், 'கட்டில் வாங்காம ரேடியோ வாங்கின மனுஷன்' என்று கடைசிவரைக்கும் கேலி செய்துகொண்டிருந்தார்.

அந்த ரேடியோவில்தான் ஃபெஸ்டாக் வந்தது.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகிற தமிழர்களில் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966 ஏப்ரலில் செனகல் நாட்டின் டக்கார் நகரில் உலகக் கறுப்பினக் கலைகளின் முதல் விழா நடந்தது. நடத்தியவர் அன்றைய அதிபர் செங்கோர். அவரே ஒரு கவிஞர். அடுத்த விழா நைஜீரியாவில் என்று முடிவானது. ஆனால் 1967இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு 1970 வரை நீடித்தது. பிறகு 1975 என்று நாள் குறித்தார்கள், அந்த வருஷம் ஆட்சியே கவிழ்ந்தது. புதிதாக வந்த தலைவரை அடுத்த பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். இத்தனையும் தாண்டி 1977 ஜனவரி 15 அன்று லாகோஸ் தேசிய விளையாட்டரங்கத்தில் விழா தொடங்கியது. ஆயிரம் புறாக்களைப் பறக்கவிட்டார்கள். ஷாங்கோ தெய்வத்தின் பூசாரி ஒருவர் விழாச் சுடரை ஏற்றினார். ஐம்பத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகள், பதினாறாயிரம் பேருக்கு மேல் கலைஞர்கள், பிப்ரவரி 12 வரை நான்கு வாரம். லாகோஸ் நீர்ப்பரப்பில் படகு ஊர்வலம், வடக்கே கடூனாவில் குதிரை வீரர்களின் தர்பார், தேசிய அரங்கில் நாடகமும் நடனமும், இன்னொரு பக்கம் அறிஞர்களின் கருத்தரங்கு. அவர்கள் தங்குவதற்கென்றே ஒரு புது நகரத்தைக் கட்டினார்கள். விழா முடிந்ததும் அந்த வீடுகள் பொதுமக்களுக்குப் போயின. இன்றும் அந்தப் பகுதிக்கு ஃபெஸ்டாக் டவுன் என்றுதான் பெயர். ஒரு திருவிழா முடிந்த பிறகு அதன் பெயரிலேயே ஜனங்கள் முகவரி எழுதுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்பா ஒரே ஒரு முறை நேரில் போனார். இலோரினிலிருந்து ரயில். சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தது ஒன்றுமில்லை, அதற்கு வழியும் இல்லை. கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று படகு ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார். 'தலை தலையாத்தான் தெரிஞ்சுது, ஆனா கொட்டுச் சத்தம் மட்டும் தண்ணி மேல தனியா வந்துது' என்பார். நாற்பது வருஷமாக அதே வாக்கியம், ஒரு சொல் மாறாது. திரும்பும்போது வாங்கி வந்ததுதான் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் இன்னும் தொங்குகிற மர முகம்.

அந்த முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் அது எனக்குப் பயம். 1984இல் நாங்கள் ஊர் திரும்பியபோது எனக்கு ஐந்து வயது. எண்ணெய் விலை விழுந்து, சம்பளம் தாமதமாகி, ஊருக்குப் பணம் அனுப்புவதற்குக் கட்டுப்பாடும் வந்தபிறகு இந்திய ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் ஆணியடித்து அந்த முகத்தை மாட்டிய அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இது எந்த ஊரு அம்மன் மக்களே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே "பெனின் ஊரு" என்றார். பாட்டியும் சரி என்று போய்விட்டாள்.

பாட்டி அவ்வளவு தப்பாகக் கேட்டுவிடவில்லை. அது இதியா அரசியின் முகம். பதினாறாம் நூற்றாண்டில், இன்றைய நைஜீரியாவுக்குள் இருக்கும் பெனின் அரசை ஆண்ட ஓபா எசிகியேயின் தாய். மகன் தாயின் நினைவாகத் தந்தத்தில் செதுக்கச் செய்த முகமூடி என்று சொல்கிறார்கள். முகத்தில் போடுவதற்கு அல்ல, இடுப்பில் அணிவதற்கு. தலைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள், தாடி வைத்த போர்ச்சுகீசியர்கள். 1897இல் ஆங்கிலேயப் படை பெனின் நகரைக் கொளுத்தி அரண்மனையைச் சூறையாடியபோது அது கிளம்பிப் போனது. 1910இல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழைந்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் ஜோடி ஒன்று நியூயார்க்கில்.

ஃபெஸ்டாக்குக்கு அந்த முகத்தையே சின்னமாக வைத்தீர்கள். உங்கள் ஓவியர் எர்ஹாபோர் எமோக்பாயின் கைவண்ணம். கொடியில், துணியில், தபால்தலையில், சாவிக்கொத்தில் எல்லாம் அந்த அம்மாவின் முகம். அசலை விழாவுக்கு மட்டுமாவது இரவல் கொடுங்கள் என்று லண்டனைக் கேட்டீர்கள். கொடுக்கவில்லை. மிகவும் பழையது, நொய்ந்தது, பயணம் தாங்காது என்றார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும் பயணம் தாங்கியது போலிருக்கிறது. கடைசியில் நகல்தான் மேடை ஏறியது. விழாவுக்கு வர முடியாமல் போன ஒருத்தியின் முகத்தைத்தான் அத்தனை பேரும் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அந்த நகலின் நகலுக்கு நகல். மூக்கு கொஞ்சம் கோணல்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'நொய்ந்தது, ஆகவே வெளியே எடுக்க முடியாது' என்ற அந்தப் பதிலைக் கேட்டு உங்கள் நாடே கொதித்தது. இன்றைக்கு ஃபெஸ்டாக்கின் ஒலிநாடாக்களும் அரை நூற்றாண்டுப் பழசு. அதே பதிலை நீங்களே உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்படி ஆகிவிடக்கூடாது.

நாடா எப்படி வயதாகும் என்பதை நான் கற்றுக்கொண்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்பா ரேடியோவிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. மேலே அவர் கையெழுத்தில் 'ஃபெஸ்டாக் 77'. அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தவர் திருவனந்தபுரத்தில் பழைய ஒலிப்பதிவுகளோடு மல்லுக்கட்டுகிறவர். அவர் சொன்னார்: கேசட்டாக இருந்ததால் பிழைத்தீர்கள். அந்தக் காலத்து வானொலி நிலையங்களும் விழாக்காரர்களும் பயன்படுத்திய பெரிய சுருள் நாடாக்களில் சில வகை இருக்கின்றன. காந்தத் துகளைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டி வைத்திருக்கும் பசை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து இளகிப் போய்விடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தின் தலையில் அப்பிக்கொள்ளும். சத்தம் போனது போனதுதான். அதற்கு வைத்தியம், நாடாவை ஐம்பது டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து, ஈரம் திரும்புவதற்குள் ஓட்டிப் பதிந்துவிடுவது. அப்பளம் சுடுகிற மாதிரியா என்று கேட்டேன். அதைவிட மெதுவாக, என்றார். ஓட்டுவதற்கான இயந்திரங்களும் குறைந்துகொண்டே வருகின்றன, உதிரிபாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. லாகோஸும் எங்கள் ஊர் மாதிரிதான், கடல் காற்று, வருஷத்தில் பாதி நாள் புழுக்கம்.

உங்கள் நாடாக்கள் எந்த நிலையில் இருந்தாலும், நாளைக்கு இன்றைவிட நன்றாக இருக்கப் போவதில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. விழா முடிந்த கையோடு அதன் ஆவணங்களைக் காப்பதற்கென்றே 1979இல் ஒரு மையத்தைச் சட்டம் போட்டு உருவாக்கினீர்கள். எத்தனை நாடுகளுக்கு அந்த யோசனை வரும்? கருத்தரங்கில் படித்த கட்டுரைகளை 1986இல் பத்துத் தொகுதிகளாக அச்சிட்டீர்கள். விழாவுக்காகக் கட்டிய தேசிய அரங்கம் பல காலம் பாழடைந்து கிடந்து, வங்கிகள் சேர்ந்து பணம் போட்டுப் புதுப்பித்து, 2025 அக்டோபரில் மறுபடி திறந்திருக்கிறது. அதற்கு உங்கள் எழுத்தாளர் வோலே சோயிங்காவின் பெயரும் வைத்தாகிவிட்டது. படத்தில் பார்த்தேன், ராணுவத் தளபதியின் தொப்பி மாதிரி இருக்கும் அந்தக் கூரை பளபளவென்று இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். உள்ளே நாற்காலி எல்லாம் மாற்றியாச்சா என்று கேட்டார். அவர் அதன் உள்ளே போனதே கிடையாது.

கட்டடத்துக்குக் கிடைத்த கவனிப்பு ஒலிக்கும் கிடைக்கட்டும் என்கிறேன். இன்று வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் ஃபெஸ்டாக்கைப் பார்க்க நினைத்தால் என்ன வழி? விழாவுக்கு வந்திருந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் மேரிலின் நான்ஸ் எடுத்த படங்கள் 2022இல் நூலாக வந்திருக்கின்றன. கேப் டவுனில் இருக்கும் சிமுரெங்கா குழு 2019இல் விழாவைப் பற்றி ஒரு தடித்த நூல் போட்டது. இரண்டும் நல்ல வேலை, நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனால் படமும் எழுத்தும்தான் கைக்கு வருகின்றன, சத்தம் வரவில்லை. நான்கு வாரம் ராப்பகலாகப் பாடியும் கொட்டியும் பேசியும் தீர்த்த விழா அது. மேற்கு ஆப்பிரிக்காவில் பாதி இலக்கியம் வாயில் இருந்தது, இன்னும் இருக்கிறது. அரசர்களின் வம்சத்தைப் பாட்டாகவே நினைவில் வைத்திருக்கும் மாண்டிங்கா பாணர்கள், பேசுகிற மாதிரியே கொட்டும் யொருபா துன்துன் மேளக்காரர்கள் எல்லோரையும் தாளில் பிடிக்க முடியாது. யொருபாவில் சுரம் மாறினால் சொல்லே மாறிவிடும். மேளம் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துப் பழமொழி சொல்லும். புகைப்படத்தில் ஒரு மனிதர் அக்குளில் மேளத்தை இடுக்கிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான் தெரியும். என்ன சொன்னார்?

இலக்கியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நைஜீரியாவின் சார்பில் ஃபெஸ்டாக்கில் மேடையேறிய நாடகம் 'லாங்போடோ'. எழுதியவர் வாலே ஒகுன்யெமி. அதன் மூலம் டி. ஓ. ஃபாகுன்வா 1938இல் யொருபாவில் எழுதிய காட்டு வேட்டைக்காரன் கதை. அதை 1968இல் சோயிங்கா ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், அங்கிருந்து நாடகம் பிறந்தது. யொருபாவில் பிறந்த கதை லாகோஸ் மேடைக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை, அத்தனை நாட்டார் கூடிய இடத்தில் வேறு என்ன செய்வது? ஆனால் நடிகர்கள் நடுநடுவே யொருபாவில் பாடியிருப்பார்கள் அல்லவா? அந்தப் பாட்டு எங்கே?

கென்யா அனுப்பிய நாடகங்களில் ஒன்று கூகி வா தியாங்கோவும் மிசெரே முகோவும் சேர்ந்து எழுதியது, ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய தேதன் கிமாதியின் விசாரணையைப் பற்றியது. ஜனவரியில் பெருமையோடு லாகோஸுக்கு அனுப்பிய அதே அரசாங்கம் டிசம்பர் 31 அன்று கூகியைப் பிடித்துச் சிறையில் போட்டது. இடையில் அவர் செய்தது, தன் ஊர் ஜனங்களோடு சேர்ந்து கிக்குயு மொழியில் ஒரு நாடகம் போட்டதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் அயல்நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள், தாய்மொழியில் எழுதினால் உள்ளே அனுப்பி வைத்தார்கள். தமிழில் கூகியைப் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவருடைய நாடகம் லாகோஸில் எப்படி ஒலித்தது என்று கேட்க ஆசைப்படுகிறவர்கள் நைரோபியில் மட்டும் இல்லை.

சரி, எல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போனால் நீங்களே நம்பமாட்டீர்கள். விழாவைப் பற்றி அன்றைக்கே கடும் சண்டை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேசை இல்லாத நாட்டில் இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அப்பாவின் தலைமையாசிரியரே கேட்டாராம். உங்கள் பாடகர் ஃபெலா குட்டி முதலில் ஏற்பாட்டுக் குழுவில் இருந்து, பிறகு வெளியேறி, தன்னுடைய இடத்தில் தனியாகக் கச்சேரி நடத்தினார். விழாவுக்கு வந்த வெளிநாட்டுப் பாடகர்கள் பலர் இரவில் அங்கே போய்விட்டார்கள். விழா முடிந்த ஆறாம் நாள், பிப்ரவரி 18, ராணுவத்தார் நூற்றுக்கணக்கில் அவர் வீட்டைச் சூழ்ந்து கொளுத்தினார்கள். பெண்களின் வரிப் போராட்டத்தை அபேயோகுட்டாவில் நடத்திக் காட்டிய அவருடைய தாய் ஃபுன்மிலாயோவைச் சன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். யார் செய்தது என்று விசாரித்து, 'அடையாளம் தெரியாத படைவீரர்' என்று முடித்தார்கள். வீட்டைக் கொளுத்தியதற்கு மறுநாள், பிப்ரவரி 19, அமெரிக்காவின் கிராமி விருது விழாவில் லாகோஸிலிருந்த ஸ்டீவி வொண்டரைச் செயற்கைக்கோள் வழியே பேசவைக்க முயன்று, சத்தம் வராமல் தவித்திருக்கிறார்கள். பார்வையற்ற அவரிடம் தொகுப்பாளர், எங்களைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுவைத்தார். அந்த ஒரு வாரத்தில் லாகோஸிலிருந்து எந்தச் சத்தம் வெளியே போனது, எது போகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் ஐம்பதாவது ஆண்டுக்குப் புது மேடை போட்டு, புதுப் பாடகர்களை வரவழைத்து, பழைய சின்னத்தைத் துடைத்து மாட்டினால் மட்டும் போதாது என்கிறேன். அப்படிச் செய்தால் மறுபடி ஒரு நகல் மேடை ஏறும். அசல் உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்த முறை யாரிடமும் இரவல் கேட்கவேண்டாம்.

எப்படிச் செய்வது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பவள் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். படச்சுருள்களுக்குக் காத்திருக்க வேண்டாம், அவற்றுக்குச் செலவு அதிகம், காலம் பிடிக்கும். ஒலியை முதலில் விடலாம். தரம் போதவில்லை என்று நிறுத்தி வைக்கவும் வேண்டாம். இரைச்சலோடு வந்தாலும் கேட்போம், நாங்கள் ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் பெயர், ஊர், மொழி மூன்றும் இருக்கட்டும். 'நைஜீரியக் குழு', 'மாலி நடனம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் 'நைஜீரியப் பாட்டு' என்று ஒரு தலைப்பு எதையும் சொல்லாது. பெயர் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். கேட்கிற யாரோ ஒருவர் எழுதிச் சொல்வார், 'இது என் அத்தையின் குரல்' என்று. 1977இல் இருபது வயதில் ஆடிய பெண்ணுக்கு 2027இல் எழுபது. அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அப்புறம், இந்தப் பதிவுகளை வைத்து யாராவது காசு பார்த்தால் அதில் பாடியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பங்கு போகும்படி ஒரு விதி எழுதி வையுங்கள். இல்லையென்றால் நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒருவன் அந்தக் குரலை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கி விற்றுக்கொண்டிருப்பான், பாடியவளின் பேத்திக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இனி, தமிழில் எழுதியதற்குக் காரணம். உங்களிடம் இருப்பது ஒரு பெட்டி என்றால், இன்னும் சில துண்டு துக்கடாக்கள் இங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில் நைஜீரியாவுக்குப் போன தமிழ் ஆசிரியர்கள், டாக்டர்கள், கணக்கர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டைப் பிரிக்கும்போதும் பரணை ஒழிக்கும்போதும் பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமல் கேசட்டுகளைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். ஆகவே இதைப் படிக்கிற தமிழர்களே, உங்கள் அப்பாவோ அம்மாவோ பெரியப்பாவோ அந்த வருஷங்களில் நைஜீரியாவில், கானாவில், சியரா லியோனில் இருந்திருந்தால், பரணில் ஏறி ஒரு முறை பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். விழாத் துணி, நுழைவுச்சீட்டு, ஊருக்கு எழுதிய கடிதம் எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் அம்மா அந்த விழாத் துணியில் தலையணை உறை தைத்துவிட்டாள். அது கிழிந்து, கரித்துணியாகி, காணாமலும் போய்விட்டது. அவளுக்கு அது நல்ல பருத்தி, அவ்வளவுதான்.

எங்கள் கேசட்டில் இருப்பது முப்பத்தெட்டு நிமிடம். தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஏதோ நாட்டின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதே அலைவரிசை நழுவிவிடுகிறது. பிறகு கைதட்டல், மேளம், ஒரு பிரெஞ்சுப் பேச்சு, நிறைய இரைச்சல். பதினேழாம் நிமிடத்தில் ஒற்றை நரம்புப் பிடில் மாதிரி ஒன்று கிளம்புகிறது. அதன் மேல் ஒரு பெண் பாடத் தொடங்குகிறாள், பின்னால் பலர் வாங்கிப் பாடுகிறார்கள், ஏதோ சுரைக்குடுக்கை குலுங்குகிறது. நான்கு நிமிடத்துக்கும் மேல் தெளிவாக இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பாட்டு முழுக்க வாயில் வரும், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல். என்னைத் தூங்கவைக்கப் பாடியதும் அதுதான். வேலையிடத்தில் எனக்குப் பழக்கமான நைஜீரிய நண்பர் ஒருவரைக் கேட்கவைத்தேன். கோஜே வாசிப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் பாட்டு ஹவுசா மொழி இல்லை என்றார். அந்த வகைப் பிடிலை நைஜரிலும் வாசிக்கிறார்கள், கானாவின் வடக்கிலும் வாசிக்கிறார்கள். அவருக்கும் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

பாட்டின் நடுவே ஓர் இடத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். "சாரே, சோறு ஆறுது, வாறீளா?" என்று ஒரு குரல். அதுதான் வேதியியல் சார். அவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது. அவர் மகள் மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். அந்த ஒரு வரியை அவள் கைபேசியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பதிவை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். வெட்டவில்லை, சுத்தம் செய்யவும் இல்லை. இதே பாட்டு உங்கள் நாடாக்களில் எங்காவது சோற்றுச் சத்தம் இல்லாமல் இருக்கலாம். கண்டுபிடித்தால் அது என்ன மொழி, பாடிய அந்தப் பெண்ணின் பெயர் என்ன, இரண்டை மட்டும் எழுதி அனுப்புங்கள். அப்பாவுக்கு எண்பத்துநான்கு வயது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அன்புடன்,
இலோரினில் பிறந்து நாகர்கோவிலில் வசிக்கும் ஒரு கணக்கு வாத்தியாரின் மகள்